காலையில் மட்டும் கிள்ளிய ஃபிரிட்ஜ்

நிதின், இதைப் படிக்கும்போது உனக்கு மீசை முளைத்திருக்கும் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன். இப்போது உனக்கு ஆறு வயது. முன்பல் இரண்டு இல்லை. உள் அறையில் தலையணையைக் கீழே தள்ளிவிட்டுத் தூங்குகிறாய். இதை உன்னிடம் நேரிலேயே சொல்லிவிடலாமே என்றார் அப்பா. முயன்று பார்த்தேன். "அம்மா அன்னிக்கு ஒரு தப்பு பண்ணிட்டேன்டா" என்று தொடங்கினால், "எத ஒடச்ச?" என்று கேட்கிறாய். எதை உடைத்தேன் என்று எனக்கே சரியாகச் சொல்லத் தெரியவில்லை. நடந்து ஐந்து மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது, தாமதமாகத்தான் எழுதுகிறேன். பெரியவனாகி நீ தனியாக ஒரு வீடு பார்த்து, அங்கே ஏதோ ஒரு சுவிட்சில் பொறி பறந்து, யாரைக் கூப்பிடுவது, அவரிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் நிற்கும் நாளில் இது உன் கையில் இருக்கட்டும். ஆனால் தெளிவான அறிவுரையை எதிர்பார்க்காதே. யோசிக்க யோசிக்க எனக்குக் குழப்பம்தான் கூடுகிறது.

பொங்கல் விடுமுறை முடிந்து பள்ளி திறந்த வாரம் அது. மாடம்பாக்கத்தில் ஆறு வீடுகள் மட்டும் உள்ள இந்தச் சின்ன ஃபிளாட்டில், முதல் மாடியில், காலை ஆறே முக்காலுக்கு நான் உன் டப்பாவில் தயிர்சாதம் அடைத்துக்கொண்டிருந்தேன். அப்பா ஒரகடத்தில் நைட் ஷிஃப்ட் முடித்து இன்னும் வரவில்லை. நீ குளித்துவிட்டு ஈரத் தலையோடு வந்து, தண்ணீர் பாட்டிலை எடுக்கப் போய், கையை இழுத்துக்கொண்டு சொன்னாய்: "அம்மா, ஃபிரிட்ஜ் கிள்ளுது." "ஃபிரிட்ஜ் எப்டிடா கிள்ளும்?" என்று கேட்டுக்கொண்டே வந்து கைப்பிடியைப் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுமில்லை. "பாரு, அம்மா தொடறேன்ல, ஒண்ணும் பண்ணல." நீ உன் விரலைப் பார்த்தாய், என் விரலைப் பார்த்தாய். அதற்கு முந்தின வாரம்தான் உன் தலையணையில் யானை வாசனை வருகிறது என்று சொல்லியிருந்தாய். வேன் வரும் நேரத்தில் நீ எதைச் சொன்னாலும் அது பள்ளிக்குப் போகாமல் இருக்க ஒரு வழி என்றே எனக்குக் காதில் விழும். அது உன் குற்றமா என் குற்றமா, தெரியவில்லை.

ஆனாலும் நான் பயந்தவள். அது உனக்கு நன்றாகத் தெரியும். திராட்சையை நாலாக நறுக்கித் தருகிறவள், படுக்கப் போகும் முன் கேஸ் சிலிண்டரை மூன்று தடவை திருகிப் பார்க்கிறவள். அன்று மத்தியானமே ஆள் தேடினேன். அப்பா ஆப்பில் புக் பண்ணச் சொன்னார். திறந்தால், ஃபேன் மாட்ட ஒரு கட்டம், சுவிட்ச் மாற்ற ஒரு கட்டம், கீசருக்கு ஒரு கட்டம் என்று வரிசையாக இருக்கிறதே தவிர, 'பையன் கிள்ளுகிறது என்கிறான்' என்பதற்கு எந்தக் கட்டமும் இல்லை. மூடிவிட்டு மெயின் ரோட்டில் இருக்கும் எலக்ட்ரிகல் கடைக்குப் போனேன். அங்கே பில் போடும் அண்ணன் ஒரு சிட்டையில் நம்பர் எழுதிக்கொடுத்தார். "டேவிட்னு பேரு. நம்ம ஏரியாதான். தைரியமா வீட்டுக்குள்ள விடலாம்." கூப்பிட்டேன். "அஞ்சு நிமிஷம்கா, கேம்ப் ரோட்டுல நிக்கறேன்" என்றார் டேவிட். அந்த ஐந்து நிமிஷம் மறுநாள் மத்தியானம் மூன்று மணிக்கு வந்தது.

டேவிட் அண்ணாவை இப்போது உனக்கு நன்றாகத் தெரியும். அன்று எனக்கு அவர் புதியவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவராக இருக்கலாம். பையிலிருந்து டெஸ்டரை எடுத்து, ஸ்கூட்டர் சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டு, ஃபிரிட்ஜின் உடம்பில் நாலு இடத்தில் வைத்துப் பார்த்தார். டெஸ்டரின் விளக்கு எரியவில்லை. பிளக்கைப் பிடுங்கினார், திருகுகளை இறுக்கினார், மறுபடி சொருகினார். "வூட்டுல எல்லாம் கரெக்டாதான் கீதுக்கா. புள்ளைங்க எதனா சொல்லுங்க, அதுக்கெல்லாம் பேஜார் ஆவாதீங்க." எனக்கு மூச்சு வந்தது. அவருக்கு டீ போட்டுக் கொடுத்தேன்.

இங்கே உன்னிடம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உன் அம்மா படித்தது எலக்ட்ரிகல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ், சுருக்கமாக ட்ரிபிள் ஈ. ஜிஎஸ்டி ரோட்டை ஒட்டிய ஒரு இன்ஜினியரிங் காலேஜில் நாலு வருஷம். முதல் வகுப்பு. சான்றிதழ் பீரோவில் உன் தடுப்பூசி அட்டைக்கு அடியில் இருக்கிறது. படித்து முடித்ததும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போனேன், நீ பிறந்ததும் அதையும் விட்டேன். ஒரு ஒயரைக்கூட நான் கையால் தொட்டு முறுக்கியதில்லை. இருந்தாலும் டேவிட் டெஸ்டரை வைத்துக்கொண்டிருந்தபோது, 'எர்த் பார்த்தீங்களா அண்ணா?' என்ற கேள்வி தொண்டை வரை வந்தது. உடம்பில் கசிகிற கரண்டை மண்ணுக்குள் இறக்கிவிடுவதுதான் எர்த்தின் வேலை. அது சரியில்லை என்றால் எது வேண்டுமானாலும் கிள்ளும். இது எனக்குத் தெரியும். கேட்கவில்லை. கேட்டால் "நீங்க இன்னாக்கா படிச்சீங்க?" என்று திருப்பிக் கேட்பார், சொன்னால் "அப்போ நீங்களே பாத்துக்க வேண்டியதுதானே" என்று சிரிப்பார் என்று கூச்சமாக இருந்தது. தெரியும் என்று காட்டவும் வெட்கம், தெரியாது என்று ஒத்துக்கொள்ளவும் வெட்கம். இரண்டுக்கும் நடுவில் டீ போடப் போய்விட்டேன்.

சாயங்காலம் நீ வந்ததும், "டேவிட் அண்ணா வந்து பாத்துட்டாருடா, ஒண்ணுமே இல்லையாம்" என்றேன். மறுநாள் காலை, "இன்னிக்கும் கிள்ளிச்சு" என்றாய். நான் தொட்டேன். ஒன்றுமில்லை. டேவிட்டை மறுபடி கூப்பிட்டேன். மறுபடி ஒரு மத்தியானம் வந்தார், மறுபடி டெஸ்டர் எரியவில்லை. "ஃபிரிட்ஜுக்கும் தம்பிக்கும் எதனா சண்டையாக்கா?" என்று கேட்டுவிட்டுப் போனார். நானும் சிரித்தேன். அன்று சாயங்காலம் உன்னிடம் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். மெஷின் வைத்துப் பார்த்தவர் சொல்கிறார், அம்மா தொட்டுப் பார்த்துச் சொல்கிறேன், இனிமேல் பொய் சொன்னால் அப்பாவிடம் சொல்லிவிடுவேன் என்றேன். பொய் என்ற வார்த்தையை நான் உன்னிடம் பயன்படுத்தியது அதுதான் முதல் தடவை.

அதன்பிறகு நீ சொல்லவில்லை. சரியாகிவிட்டது என்று நினைத்தேன், நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன். குளித்த துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு ஃபிரிட்ஜைத் திறக்க ஆரம்பித்தாய். அதைப் பார்த்துவிட்டு, துண்டு அழுக்காகிறது என்று திட்டினேன். நிதின், நீ பெரியவனாகி இதைப் படிக்கும்போது இந்த இடத்தில் கொஞ்சம் நிறுத்தி, உன் அம்மா எப்படிப்பட்டவள் என்று யோசி. கூரான மூலைகளுக்கெல்லாம் ரப்பர் ஒட்டி வைத்தவள்தான், உன் கையில் இருந்த துண்டைப் பார்த்தும் ஏன் என்று கேட்காமல் இருந்திருக்கிறாள்.

இரண்டு வாரம் கழித்து ஒரு நாள் காலை துண்டு உன் கையிலிருந்து நழுவியது. நீ பாட்டிலுக்குக் கை நீட்டியதை நான் அடுப்பிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். உன் முழங்கை வெடுக்கென்று பின்னால் போனது. தோள் குலுங்கியது. பாட்டில் விழுந்து உருண்டது. நீ அழவில்லை. என் முகத்தைப் பார்த்தாய். நான் கேட்பதற்கு முன்னாலேயே சொன்னாய்: "ஒண்ணுமில்லம்மா."

டேவிட் நம்பரை மூன்று தடவை தப்பாகத் தொட்டேன். எடுத்தார். "இப்போ வாங்கண்ணா. இப்பவே. மத்தியானம் வேணாம்" என்றேன். குரலில் என்ன இருந்ததோ, பத்து நிமிஷத்தில் தலைகூட வாராமல் வந்து நின்றார். இந்தத் தடவை கையில் டெஸ்டரோடு ஒரு பல்பும் இருந்தது. ஹோல்டரில் மாட்டி இரண்டு ஒயர் தொங்கவிட்ட சாதாரணக் குண்டு பல்பு. என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நேராக உன் முன்னால் குந்தி உட்கார்ந்தார். "தம்பி, எப்போ எப்போ கிள்ளும்?" நீ என்னைப் பார்த்தாய். சொல்லலாமா என்று அனுமதி கேட்ட பார்வை அது. நான் தலையாட்டினேன். "கீழ் வீட்டு கோதண்டம் தாத்தா பாடும்போது" என்றாய்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, பயத்திலும். நமக்கு நேர் கீழே தரைத்தளத்தில் இருக்கும் கோதண்டம் சார்தான் இந்த ஆறு வீட்டுச் சங்கத்துக்குச் செயலாளர். காலையில் குளிக்கும்போது அவர் பாடும் பக்திப் பாட்டு பாத்ரூம் ஜன்னல் வழியாக நம் சமையலறை வரை ஏறிவரும். அன்றும் வந்துகொண்டிருந்தது. டேவிட் சிரிக்கவில்லை. ஜன்னல் பக்கம் காதைத் திருப்பிக் கேட்டார். ஃபிரிட்ஜில் டெஸ்டரை வைத்தார். சின்னதாகச் சிவப்பாக எரிந்தது. "அக்கா, நீங்க தொட்டா ஒண்ணும் இல்லன்னீங்கல்ல?" "ஆமாண்ணா." அவர் என் காலைப் பார்த்தார். குதிகால் வலிக்காக வீட்டுக்குள் நான் எப்போதும் போட்டிருக்கும் ரப்பர் செருப்பு. "கழட்டுங்க. உள்ளங்கை வேணாம், புறங்கையால லேசா தொடுங்க. உள்ளங்கைன்னா பிடிச்சிக்கும்."

கழற்றினேன். நீ சிந்திய தண்ணீரில் நின்று புறங்கையால் தொட்டேன். அது கிள்ளல் இல்லை, கண்ணா. நீ ஆறு வயதுக்குத் தெரிந்த வார்த்தையைச் சொல்லியிருக்கிறாய், அவ்வளவுதான். என் முழங்கை வரை ஏதோ கடித்து உதறியது. இதை நீ எத்தனை காலை வாங்கிக்கொண்டு வேன் ஏறினாய் என்று மனதுக்குள் எண்ணிப் பார்த்தேன்.

டேவிட் அந்தப் பல்பின் ஒரு ஒயரை சுவரில் இருந்த சாக்கெட்டில் கரண்ட் வரும் துளையிலும், இன்னொன்றை மேலே இருக்கும் பெரிய துளையிலும் வைத்தார். அந்தப் பெரிய துளைதான் எர்த். அது மண்ணோடு சேர்ந்திருந்தால் பல்பு எரிய வேண்டும். எரியவில்லை. வீட்டிலிருந்த எல்லா சாக்கெட்டிலும் பார்த்தார். எங்கேயும் எரியவில்லை. ஜன்னலில் குனிந்து கத்தினார்: "சார்! கோதண்டம் சார்! கீசர ஆஃப் பண்ணுங்க! கைய தண்ணியில வைக்காதீங்க!" பாட்டு நின்றது. "யாருப்பா அது? சோப்பு போட்டுண்டிருக்கேன்!" "மொதல்ல வெளிய வந்து மெயினை ஆஃப் பண்ணு சார், சோப்பு அப்பால பாத்துக்கலாம்!" கீழே கீசர் நின்றதும் நம் ஃபிரிட்ஜில் டெஸ்டர் அணைந்தது. கீழ் வீட்டு கீசரில் கசிந்த கரண்ட், மண்ணுக்குள் இறங்க வழியில்லாமல், எல்லா வீட்டுக்கும் பொதுவான எர்த் ஒயரில் ஏறி நம் ஃபிரிட்ஜின் உடம்புக்கு வந்திருக்கிறது. அவர் குளிக்கும் அந்த அரை மணி நேரம் மட்டும். டேவிட் வந்த மத்தியானங்களில் கீசர் ஓடவில்லை. "தம்பிதான் கரெக்டா சொல்லிகினு இருந்துகீறாரு. நான்தான் டைம் கேக்கல" என்றார்.

பிறகு எங்களோடு கீழே இறங்கி, எர்த் ஒயர் மண்ணுக்குள் போகும் குழியைத் தேடி, "எர்த் பிட் எங்கக்கா?" என்று கேட்டார். சொன்னால் நம்புவாயோ என்னவோ, அந்த நொடி வரை எனக்கு எதுவும் உறைக்கவில்லை. அவர் வாசல் கேட் அருகே இருந்த புதுத் தரைக்கற்களைக் காலால் தட்டி, "இங்கதான் இருந்திருக்கணும். யாரு மூடினது?" என்றபோதுதான் அந்தக் குழி ஞாபகத்துக்கு வந்தது.

போன தீபாவளிக்குப் பிறகு வந்த மழையில், கேட்டுக்குப் பக்கத்தில் மூடி உடைந்த ஒரு சதுரக் குழியில் நீ கால் விட்டு முழங்காலைச் சிராய்த்துக்கொண்டாய். உள்ளே ஒரு இரும்புக் குழாயும், அதன் தலையில் புனல் மாதிரி ஒன்றும் துருப்பிடித்துக் கிடந்தன. பழைய தண்ணீர்க் குழாய் என்று நினைத்தேன். பாம்பு வரும், பிள்ளைகள் விழுவார்கள், உடனே மூட வேண்டும் என்று சங்கக் கூட்டத்தில் சண்டை போட்டேன். வாசலுக்குக் கல் பதிக்க ஆள் வந்தபோது, நானே நின்று காட்டி, அந்தக் குழாயை அறுத்து எடுக்கச் சொல்லி, குழியை உடைந்த செங்கல் ரப்பீஸ் போட்டு நிரப்பச் சொன்னேன். மேல்மாடி மாலதி அக்கா, "நீ இருக்கறதால நம்ம பிள்ளைங்களுக்குக் கவலையில்ல" என்று சொன்னதில் எனக்குப் பெருமை வேறு. எர்த் குழியில் உப்பும் கரியும் எதற்கு என்று காலேஜ் வைவா தேர்வில் கேட்டார்கள், மண்ணில் ஈரம் தங்கி மின்தடை குறைவதற்கு என்று கடகடவென்று சொல்லி மார்க் வாங்கியவள் நான். படத்தில் பார்த்திருக்கிறேன். அளவு போட்டு வரைந்திருக்கிறேன். நிஜத்தில் அது காலடியில் இருந்தபோது எனக்கு அடையாளம் தெரியவில்லை.

துண்டைக் கட்டிக்கொண்டு வெளியே வந்த கோதண்டம் சார் என்னைப் பார்த்தார். நான்தான் முதலில் பேசினேன். "நான்தான் சார் மூடச் சொன்னேன்." அவர் கோபப்படவில்லை. அதுதான் இன்னும் மோசம். "எனக்கு அப்பவே ஒரு டவுட் இருந்ததும்மா. இது எர்த் லைனோ என்னமோன்னு நினைச்சேன். ஆனா வீடு வாங்கினப்போ நீ ட்ரிபிள் ஈன்னு சொன்னியே! படிச்ச பொண்ணே சொல்றா, நமக்கென்ன தெரியும்னு விட்டுட்டேன்." டேவிட் என்னைத் திரும்பிப் பார்த்தார். "ட்ரிபிள் ஈயாக்கா?" "ஆமாண்ணா." "அப்போ அன்னிக்கே என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்லக்கா?" "கேட்டிருக்கலாம்." "நானும் கேக்காமயே பாத்திருக்கணும்" என்று தலையைச் சொறிந்தார். "சோம்பேறித்தனம். புள்ள சொல்றதுதானேன்னு."

அன்று யாரும் வேலைக்குப் போகவில்லை. நீயும் பள்ளிக்குப் போகவில்லை. கற்களைப் பெயர்த்தார்கள், புதுக் குழாய் இறக்கினார்கள், உப்பும் கரியும் மூட்டை மூட்டையாகப் போட்டு நிரப்பினார்கள், நீ குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாய். சாயங்காலம் டேவிட் ஒவ்வொரு வீடாகப் போய்ப் பல்பை வைத்துக் காட்டினார். எல்லா இடத்திலும் எரிந்தது. கோதண்டம் சார் புது கீசர் மாற்றும்வரை பக்கெட்டில் வெந்நீர் போட்டுக் குளித்தார். வீடு பத்திரமாகிவிட்டது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும்.

எனக்கு முடியவில்லை. உனக்கு என்ன புத்தி சொல்வது என்று யோசிக்கிறேன். ஆள் கூப்பிடும்போது உனக்கு வசதியான நேரத்துக்குக் கூப்பிடாதே, தொந்தரவு வருகிற நேரத்துக்குக் கூப்பிடு. அவர் டெஸ்டரோடு நிறுத்தினால், எர்த்துக்குப் பல்பு வைத்துப் பார்க்கச் சொல். தெரிந்ததைத் தெரியும் என்று சொல், அவர் சிரித்தால் சிரிக்கட்டும். இதெல்லாம் சரிதான். ஆனால் இதற்கு மேல் போனால் எனக்கு வழி தெரியவில்லை. நீ என்னை நம்பினாய், நான் டேவிட்டை நம்பினேன், கோதண்டம் சார் என் படிப்பை நம்பினார். யாரும் கெட்டவர் இல்லை. எவரையும் நம்பாதே என்று எழுத மனம் வரவில்லை. நம்பு என்றும் எழுத முடியவில்லை. உன்னைக் காப்பாற்றத்தான் அந்தக் குழியை மூடினேன். அதைவிட வேறு காரணம் எனக்கு இருந்ததேயில்லை. அப்படியென்றால் பயப்படுவதைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா, இல்லை இன்னும் சரியாகப் பயப்படக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

என்னை விடாமல் அரிப்பது அந்தக் கரண்ட்கூட இல்லை. நீ சொன்ன "ஒண்ணுமில்லம்மா" தான். அதை நான்தானே உனக்குச் சொல்லிக்கொடுத்தேன். அதன் பிறகு உனக்குக் காய்ச்சல் வந்தபோதும் ஒண்ணுமில்லை என்றாய். ஷூ கடித்து விரல் கொப்பளித்தபோதும் அதையே சொன்னாய். இனி நீ எதையும் என்னிடம் வந்து சொல்ல மாட்டாயோ என்று ஐந்து மாதமாக உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கேட்டால் ஓடிவிடுகிறாய், கேட்காவிட்டால் சும்மா இருக்கிறாய்.

இன்று காலை வேன் வந்தது. ஜூனிலிருந்து புது வேன், புது டிரைவர். ஏறி உட்கார்ந்த நீ, நான் கையசைத்துவிட்டுத் திரும்பியபோது கூப்பிட்டாய். "அம்மா. என் சீட்டுக்கு அடியில சூடா இருக்கு." சொல்லிவிட்டு உடனே வேறு பக்கம் பார்த்தாய். வேனென்றால் இன்ஜின் சூடு இருக்கும்தான், அதெல்லாம் அப்படித்தான் என்று நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. கையிலிருந்த உன் சாப்பாட்டுக் கூடையை ரோட்டில் வைத்தேன். பிள்ளைகளின் கால்களைத் தாண்டி உள்ளே ஏறி, மண்டி போட்டு, உன் சீட்டுக்கு அடியில் கையை விட்டேன். "இன்னாக்கா, டைம் ஆவுது, ஸ்கூல் கேட்ட சாத்திருவாங்க" என்றார் டிரைவர். பின்சீட்டுப் பெண் ஒருத்தி சிரித்தாள். கையில் தகரம் பட்டது, கொஞ்சம் மணல் பட்டது, ஒரு பென்சில் பட்டது. சூடு எதுவும் தெரியவில்லை. நிமிர்ந்து உன்னைப் பார்த்தேன். நீயும் இந்தத் தடவை வேறு பக்கம் திரும்பாமல் என்னைப் பார்த்தாய்.

"அங்க இல்லம்மா" என்றாய். "இன்னும் உள்ள."

இரண்டு நிமிஷம் பொறுங்கள் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, புறங்கையைத் திருப்பி, இன்னும் உள்ளே விட்டேன்.

அம்மா